பாவும் இல்லை, ஊடையும் இல்லை

அன்பின் அக்கா,

எங்கள் குடும்பம் சம்பூர். 2006 இல் இடம்பெயர்ந்தபோது அம்மம்மா இழைத்த ஓலை மூடுபெட்டி ஒன்று எங்களோடு வந்தது. அதை வைத்துக் கவிதைத் தொகுப்பு எழுதுகிறேன். நினைவு பாவு, மொழி ஊடை, நிலம் தறி. நன்னூலும் எழுத்தை நெசவு என்றுதானே சொல்கிறது? 'நினைவின் பாவு' என்ற தலைப்பு பொருந்துமா? ஊர்ச் சொற்களுக்கு அடிக்குறிப்பு வேண்டுமா?

வாசகி, திருகோணமலை

அன்பின் தங்கச்சி,

அடிக்குறிப்பு வேண்டாம். தலைப்பைப் பிறகு பார்க்கலாம். இடம்பெயரும்போது எதை எடுப்பது, எதை விடுவது என்ற நெருக்கடியில் ஒரு பெட்டியைத் தூக்கி வந்திருக்கிறார்கள். அதைக் கையில் வைத்துக்கொண்டு தறியைப் பற்றி எழுத உங்களுக்கு எப்படி மனம் வந்தது?

தறி வேண்டுமென்றால் மருதமுனைக்குப் போய்ப் பாருங்கள். நீளவாட்டு நூலான பாவு கஞ்சி போட்டு இழுத்துக் கட்டப்பட்டிருக்கும்; குறுக்கே ஓடுவது ஊடை. பனையோலையில் அந்த ஏற்பாடே கிடையாது. வார் என்பது கீறிய ஓலைத் துண்டு; இரண்டு திசை வாரும் மாறி மாறி மேலே ஏறும், கீழே இறங்கும். அதில் எது நினைவு, எது மொழி என்று பிரித்துக் காட்டுங்கள் பார்ப்போம்.

நன்னூலைத் துணைக்கு இழுக்காதீர்கள். அந்தப் பாயிரச் செய்யுளில் சொல் பஞ்சு, செய்யுள் இழை, புலவன் நூற்கும் பெண், வாய் கை, அறிவு நூல் நூற்கும் கதிர். அது நூற்பு, தறி அங்கே எட்டிக்கூடப் பார்க்கவில்லை. பவணந்தியார் கதிர் செய்யும் வேலை தெரிந்து உவமை சொன்னவர்.

பெட்டியைக் கவிழ்த்துப் பாருங்கள். அடியைத் தட்டையான சதுரமாக இழைத்திருப்பார். பெட்டியின் மூலை அந்தச் சதுரத்தின் மூலையில் எழும்பாது, பக்கத்தின் நடுவில் எழும்பும். பக்கத்துக்கு 12 வார் என்றால், ஆறாவதையும் ஏழாவதையும் ஒன்றன்மேல் ஒன்றாகக் குறுக்கிட்டு மடிக்கும்போது மூலை பிறக்கும். அதனால்தான் சுவரில் வார்கள் சாய்வாக ஏறுகின்றன. அந்த இடத்தில் ஒன்று தப்பினால் பெட்டி கோணும். மூடிக்கு வாரை ஒரு மயிரிழை கூடுதல் அகலமாக வார வேண்டும், இல்லாவிட்டால் இறங்காது.

நிலம் எங்கே என்று கேட்பீர்கள். ஈரத்தில் இருக்கிறது. குருத்தோலையை வெயிலில் வெளுக்கக் காயவிட்டு, ஈர்க்கு நீக்கி, வாரை ஒரே அகலத்தில் வார்ந்த பிறகு, எல்லாம் ஈரத்தின் கையில். வாரை நகத்தால் மடித்துப் பாருங்கள். வெள்ளைக் கோடு விழுந்து நொறுங்கினால் காய்ந்துவிட்டது. தண்ணீர் கசிந்தால் அதிகம். அப்படியே இழைத்தால் காயும்போது வார் சுருங்கிக் கண் விழும், அரிசி போட்டால் ஒழுகும். ஊறப்போடாதீர்கள். தண்ணீர் தெளித்து ஈரத்துணியில் சுற்றி வையுங்கள், வேண்டியதை மட்டும் வெளியே எடுங்கள். வைகாசி தொடக்கம் கச்சான் என்ற வறண்ட தென்மேற்குக் காற்று அடிக்கிற மாதங்களில் வார் விரலிடையிலேயே காய்ந்து போகும். மார்கழி மாரியில் மறுபக்கம்: ஓலை காயாது, பூஞ்சணம் பிடிக்கும், அந்த ஈரத்தோடு இழைத்தது அடுத்த கச்சானில் தளரும். உங்கள் சம்பூரை ஒட்டிய கொட்டியாரக் குடாவின் காற்று தறியாக நிற்கவில்லை, தங்கச்சி. ஒவ்வொரு மடிப்பிலும் புகுந்து வேலையைக் கெடுக்கப் பார்க்கிறது. அம்மம்மா அதோடு மல்லுக்கட்டித்தான் இழைத்திருக்கிறார். அந்த மல்லுக்கட்டு உங்கள் உவமை எதிலும் இல்லையே!

எழுதுவதை நிறுத்தச் சொல்லவில்லை. முதலில் ஒரு சின்னப் பெட்டி இழையுங்கள், சாயமில்லாமல். குருத்தைக் கண்டபடி வெட்டுவிக்காதீர்கள். பனை மாதத்துக்கு ஒன்று என்ற கணக்கில்தான் ஓலை விடும், ஒரே மரத்தில் அடுத்தடுத்து எடுத்தால் மரம் நலிந்துவிடும். கச்சான் முடியட்டும் என்றும் காத்திருக்க வேண்டாம். விடியற்காலையில் உட்காருங்கள், வெயில் ஏறியதும் ஓலையைச் சுற்றி வைத்துவிட்டு வேறு வேலை பாருங்கள்.