அந்தக் கட்டிடத்துக்குச் சாப்பிட மட்டுமா போகிறாய்?

கேள்வி: அம்மா, நான் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்சி. படிக்கிறேன். அப்பா வீட்டை அடமானம் வைத்து அனுப்பினார். ஜனவரி பரீட்சையில் 50 எடுத்தால்தான் பாஸ், எனக்கு இரண்டு மாட்யூலில் 43, 38 வந்திருக்கிறது. பரீட்சைக்கு நான்கு நாள் முன்னால் அப்பத்தா தவறிவிட்டார், ஊருக்கு வர முடியவில்லை. வீட்டில் எல்லாம் பாஸ் என்று சொல்லி வைத்திருக்கிறேன். ராத்திரி வேர்ஹவுஸ் வேலைக்கும் போகிறேன். வாட்ஸப் குழுவில் ஒருவர் 150 பவுண்டு கொடுத்தால் அப்பீல் கடிதம் எழுதித் தருகிறேன் என்கிறார். இங்கே எனக்கென்று யாரும் இல்லை. மாணவர் யூனியன் பக்கமே போகாதே என்று அப்பா ஏர்போர்ட்டில் சொல்லித்தான் அனுப்பினார், அதனால் எதிலும் சேரவில்லை, மதியம் மட்டும் யூனியன் கட்டிடத்துக்குப் போய் மைக்ரோவேவில் சாப்பாட்டைச் சூடு பண்ணிச் சாப்பிட்டுவிட்டு வந்துவிடுவேன். படிப்பை விட்டுவிட்டு ஊருக்கே வந்துவிடலாமா?

– பெயர் வேண்டாம், மான்செஸ்டர்

பதில்: தம்பி, வரலாமா வேண்டாமா என்பதை அப்புறம் பார்ப்போம். நீ போகிறபோக்கில் எழுதிய அந்த மைக்ரோவேவ் வரியைத் தாண்டி என்னால் போக முடியவில்லை. தினமும் மதியம் அந்தக் கட்டிடத்துக்குள் போகிறாய், உட்காருகிறாய், சாப்பிடுகிறாய், டப்பாவைக் கழுவி எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிடுகிறாய். உன் பிரச்சினையைக் கேட்பதற்கென்றே சம்பளம் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஆட்கள் அதே கூரைக்குக் கீழேதான் இருக்கிறார்கள். இத்தனை மாதத்தில் ஒருமுறைகூட அந்தச் சுவரில் என்ன எழுதியிருக்கிறது என்று நீ நிமிர்ந்து பார்க்கவில்லையா? யாரும் இல்லை என்று எனக்கு எழுதத் தெரிந்த உனக்கு, அங்கே ஒரு கதவைத் தட்டத் தெரியவில்லை.

அப்பா போகாதே என்றார், அதனால் போகவில்லை என்கிறாய். இதை நான் ஏற்கவே மாட்டேன். பொய் சொல்லாதே என்றும்தான் அப்பா வளர்த்திருப்பார், அதை எங்கே விட்டாய்? தோற்றதை மறைக்கும்போது அப்பா சொல் நினைவுக்கு வரவில்லை, உதவி கேட்கக் கூச்சமாக இருக்கும்போது மட்டும் அப்பா சொல் வேதவாக்காகிவிட்டது. உன் கூச்சத்துக்கு அவரைச் சாட்சி சொல்லக் கூப்பிடாதே.

அவர் பயந்ததில் தப்பில்லை. நம் ஊரில் கல்லூரி யூனியன் என்றால் அவருக்குத் தெரிந்தது ஸ்ட்ரைக், கல்லெறி, போலீஸ் வேன், சஸ்பெண்ட் ஆகி ஒரு வருடம் வீணாகிப் போன பிள்ளைகள். வீட்டை அடமானம் வைத்தவர் அப்படித்தான் பேசுவார். நீ இருக்கும் இடத்தில் அது எப்படி என்பதை அவருக்குச் சொல்ல வேண்டியவன் நீ. சேர்ந்தாலும் சேராவிட்டாலும் நீ ஏற்கெனவே உறுப்பினர்தான். பல்கலைக்கழகத்தில் பெயர் பதிந்த அன்றே அது தானாக நடந்துவிடுகிறது. வேண்டாம் என்று விலகிக்கொள்ளவும் 1994-ம் ஆண்டுக் கல்விச் சட்டம் அங்கே உரிமை தருகிறது, விலகியவரை அநியாயமாக நடத்தக் கூடாது என்றும் அதே சட்டம் சொல்கிறது. முக்கியப் பதவிகளுக்கு ரகசிய வாக்கெடுப்பு நடக்க வேண்டும், வரவுசெலவு வெளியே தெரிய வேண்டும். இதையெல்லாம் அப்படியே அப்பாவிடம் சொல்.

அங்கே அரசியலே கிடையாது என்று மழுப்பவும் வேண்டாம், உண்டு. நீ சாப்பிடும் அந்தக் கட்டிடத்துக்கே ஸ்டீவ் பிகோ பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். தென்னாப்பிரிக்காவில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்தபோதே கறுப்பின மாணவர்களுக்கென்று தனி அமைப்பு தொடங்கி, நிறவெறி அரசின் காவலில் 1977-ல் அடிபட்டு இறந்தவர். வயது முப்பதுதான். படிக்கப் போன பிள்ளை இதைத் தெரிந்துகொண்டால் கெட்டுப்போய்விடுவான் என்று நான் நினைக்கவில்லை.

சரி, காரியத்துக்கு வருகிறேன். யூனியனில் அட்வைஸ் சர்வீஸ் என்று ஒன்று இருக்கிறது. பணம் கிடையாது. யூனியன் ஒரு தனி அறக்கட்டளை, அதனால் அங்கே உட்கார்ந்திருப்பவர் உன் டிபார்ட்மென்ட்டுக்குப் பதில் சொல்ல வேண்டிய ஆள் இல்லை, நீ சொல்வது உன் பேராசிரியர் காதுக்கும் போகாது. உனக்கு வந்திருக்கும் மதிப்பெண் தற்காலிகமானதா, தேர்வுக் குழு கூடி உறுதி செய்ததா என்பதை முதலில் பார்ப்பார்கள், ஏனென்றால் அதைப் பொறுத்து வழியே மாறும். உறுதியாகவில்லை என்றால் மிட்டிகேட்டிங் சர்க்கம்ஸ்டன்சஸ் என்று அங்கே சொல்வதை, அதாவது உன் கைமீறி நடந்த துக்கத்தை, தாமதமாகவாவது பதிவு செய்ய இடம் இருக்கிறதா என்று பார்க்கலாம். உறுதியாகிவிட்டது என்றால் அப்பீல். இரண்டுக்கும் கெடு வாரக்கணக்கில்தான். பத்திரிகையில் பதில் வரட்டும் என்று நீ காத்திருந்ததிலேயே எத்தனை நாள் போயிருக்கும்!

அப்பத்தா இறந்ததை அந்த ஊரில் ஒருவரிடமாவது சொன்னாயா? உன் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன், சொன்னதாக எங்கேயும் இல்லை. பெற்ற தாய்க்குக் கொள்ளி வைத்துவிட்டு உன் அப்பா வீட்டில் உட்கார்ந்திருந்த அந்த வாரத்தில், நீ யாரிடமும் ஒரு வார்த்தை பேசாமல் பரீட்சை ஹாலுக்குப் போய் உட்கார்ந்திருக்கிறாய். இதைத் தைரியம் என்று யாராவது உனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தால் தப்பாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். துக்க வீடு என்றால் நாலு பேர் வந்து உட்கார வேண்டும் என்று வைத்தது சும்மா இல்லை. உன் காரணத்தை ஏற்றுக்கொண்டால் அந்தப் பரீட்சையை முதல் தடவை எழுதுவது போலவே எழுத விடுவதுண்டு. இல்லையென்றால் சாதாரண மறுதேர்வு, அதில் எவ்வளவு நன்றாக எழுதினாலும் மதிப்பெண்ணுக்கு ஓர் உச்சவரம்பு வைத்துவிடுவது வழக்கம். இந்த வித்தியாசம் உன் மதிப்பெண் சான்றிதழில் தெரியும். இறப்புச் சான்றிதழ் வேண்டும், அதற்கு மொழிபெயர்ப்பும் கேட்கலாம். நேரத்தில் ஏன் சொல்லவில்லை என்று கட்டாயம் கேட்பார்கள், அதற்கு உன்னிடம் இருக்கும் உண்மையான பதிலைச் சொல்: இப்படி ஒரு வழி இருப்பதே எனக்குத் தெரியாது, சொல்லவும் வெட்கமாக இருந்தது. போதுமா என்று முடிவு செய்வது அவர்கள். நீ ஜோடிக்காதே.

அந்த 150 பவுண்டு ஆளை இன்றைக்கே பிளாக் செய். உன் துக்கத்தைப் பற்றி முன்பின் தெரியாத ஒருவன் கதை எழுதி, அதில் இல்லாத டாக்டர் சீட்டு ஒன்றையும் செருகிவிட்டால், மாட்டிக்கொள்வது நீதான். இப்போது மார்க் குறைந்ததோடு நிற்கிறது, அப்புறம் மோசடி என்று தனி விசாரணை வரும். அப்படி ஒரு விசாரணைக்கு மாணவனோடு துணைக்கு வந்து உட்காருவதும் அதே அட்வைஸ் சர்வீஸ் ஆட்கள் செய்கிற வேலைதான். பல்கலைக்கழகம் கடைசியாகவும் மறுத்துவிட்டால், இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் சேர்த்து மாணவர் புகாரை விசாரிக்க ஓ.ஐ.ஏ. என்ற தனி அலுவலகம் இருக்கிறது. முடிவுக் கடிதத்தில் இருக்கும் தேதியிலிருந்து 12 மாதம் வரை எழுதலாம், அதற்கும் கட்டணம் இல்லை.

வேலையைப் பற்றி ஒன்றே ஒன்று. வாரத்துக்கு எத்தனை மணி நேரம் என்று நீ எழுதவில்லை. படிப்பு நடக்கும் காலத்தில் 20 மணி நேரம்தான் உன் விசாவில் அனுமதி. எம்.எஸ்சி.க்குக் கோடையும் டெசர்டேஷன், அதாவது ஆய்வேடு எழுதும் காலம், அதை விடுமுறை என்று நினைத்து ஏமாந்துவிடாதே. தாண்டிக்கொண்டிருந்தால் இந்த வாரமே நிறுத்து. மார்க் போனால் மறுபடி எழுதலாம், விசா போனால் வீடும் சேர்ந்து போகும்.

அப்புறம் அந்தத் தனிமை. அதற்கு நான் ஆறுதல் சொல்லப் போவதில்லை. பிரிட்டனில் பல பல்கலைக்கழக யூனியன்களில் தமிழ்ச் சங்கம் இருக்கிறது, மலை ஏறப் போகிறவர்கள், பூப்பந்து ஆடுகிறவர்கள், சமைக்கிறவர்கள் என்று அது பாட்டுக்கு நீண்டுகொண்டே போகும். எடின்பரோவில் 1889-லேயே மாணவர் யூனியனுக்கென்று தனிக் கட்டிடம் எழுப்பித் திறந்துவிட்டார்கள். வீட்டை விட்டு வந்த பிள்ளை வகுப்பு முடிந்ததும் வாடகை அறையில் போய்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது என்ற கவலை அவ்வளவு பழையது. ராத்திரி தூக்கம் வராவிட்டால் நைட்லைன் என்ற உதவி எண்ணுக்குப் போன் போடு, எடுப்பதும் உன்னைப் போன்ற மாணவர்கள்தான், பெயர் கேட்க மாட்டார்கள். வெளிநாட்டு மாணவனிடம் வாங்கும் அந்தப் பெரிய ஃபீஸை உன் அப்பா கட்டியிருக்கிறார். அந்த இடம் தரும் எதையும் தொடாமல் ஒதுங்கி நிற்பதை நான் சிக்கனம் என்றோ அடக்கம் என்றோ சொல்ல மாட்டேன். அது அவர் பணத்தை வீணடிப்பது.

படிப்பை விட்டுவிட்டு வருவது பற்றி இப்போது பேச்சே வேண்டாம். நாளைக்கு யூனியனுக்குப் போகும்போது இரண்டு மாட்யூல் ரிசல்ட்டையும் பிரின்ட் எடுத்துக்கொண்டு போய், அட்வைஸருக்கு அப்பாயின்ட்மென்ட் கேள். அது கிடைத்ததும் அப்பாவைக் கூப்பிடு. சாவுச் சான்றிதழ் நகலை அனுப்ப வேண்டியவர் அவர்தான், அதனால் எப்படியும் சொல்லித்தான் ஆக வேண்டும். 43, 38 என்று எண்ணாகவே சொல். அவர் கத்துவார். அந்த வாரம் நீ தனியாக இருந்ததையும் சொல், அப்போது கத்துவதை நிறுத்துவார் என்று நினைக்கிறேன். ஆனால் முதலில் அம்மாவிடம் சொல்லி அவரைத் தூது விடாதே. அவர் ஏற்கெனவே உங்கள் இருவருக்கும் நடுவில் நிறையச் சுமந்துகொண்டிருப்பார்.