குக்கிராமம் என்றால் என்ன? பக்கத்து ஊரின் பெயர் ஏன் அதற்கு வருகிறது?

தனிப் பெயரும் தனிக் குடியிருப்பும் இருந்தும், அரசுக் கணக்கில் இன்னொரு ஊரோடு சேர்த்து எழுதப்படும் சிற்றூர்தான் குக்கிராமம். தமிழ்நாட்டில் சுமார் 12,500 ஊராட்சிகள். அவற்றுக்குள் ஏறத்தாழ 79,000 குடியிருப்புகள். ஆக, ஓர் ஊராட்சிக்குச் சராசரியாக ஆறு.

இப்படிச் சிதறியதற்கு முக்கியக் காரணம் தண்ணீர். சிவகங்கை, ராமநாதபுரம் பக்கம் போய்ப் பாருங்கள். பாசன ஏரியை அங்கே கண்மாய் என்பார்கள். பெரும்பாலும் கண்மாயை ஒட்டியே ஒரு சிற்றூர் இருக்கும். வயலுக்குப் பக்கத்திலேயே, ஆனால் வெள்ளம் ஏறாத மேட்டில் வீடு கட்டினார்கள். மேல் கண்மாய் நிறைந்தால் உபரிநீர் கலுங்கு (மிகுதி நீர் வழிந்தோடும் கட்டுமானம்) வழியாகக் கீழ் ஊர்க் கண்மாய்க்குப் போகும். அதனால் அக்கம்பக்கத்து ஊர்களின் உறவும் சண்டையும் பெரும்பாலும் இந்த வாய்க்கால் வழியேதான் வரும். ஏந்தல் (ஏரி), குளம் என முடியும் ஊர்ப் பெயர்களே இதற்குச் சாட்சி. நான் மிகவும் நேசிக்கும் சொற்கள் இவை.

ஒரே ரேஷன் கார்டில் இருந்தும் தனித்தனி அடுப்பு வைத்திருக்கும் குடும்பங்களை நினைத்துக்கொள்ளுங்கள். குக்கிராமமும் அப்படித்தான்: அரசுக் கணக்கு ஒன்று, குடியிருப்பு தனித்தனி.

பட்டாவில் உங்கள் ஊர்ப் பெயர் இல்லையே என்று பலர் பதறுகிறார்கள். அதில் வருவாய்க் கிராமத்தின், அதாவது நிலக் கணக்குக்காக அரசு வகுத்த ஊரின், பெயர்தான் வரும், நிலம் உங்கள் ஊரிலேயேதான் இருக்கிறது.