நாலாவது புள்ளி எங்கே?

அண்ணாச்சி, அன்றைக்கு வாசல்வரை போனவர் திரும்பி வந்து, "வானத்தைப் பார்த்துக்கிட்டிருந்தா சோறு கிடைக்குமா சார்?" என்று கேட்டீர்கள். வானியற்பியல் படிக்க வேண்டும் என்று சொல்லும் உங்கள் பிள்ளை பக்கத்தில் நின்றாள், அதனால் மழுப்பிவிட்டேன்.

சோற்றுக் கணக்கையே முதலில் பார்ப்போம். பிளஸ் டூ முடித்ததும் திருவனந்தபுரத்தில் ஐஐஎஸ்டி என்கிற விண்வெளிக் கல்லூரி இருக்கிறது. அதற்கு, ஐஐடிக்கு எழுதுகிற அதே ஜேஇஇ அட்வான்ஸ்டு தேர்வை எழுத வேண்டும். ஐசர் என்கிற மத்திய அரசு அறிவியல் கல்லூரிகளுக்குத் தனி நுழைவுத்தேர்வு. இரண்டும் அமையாவிட்டால் பாளையங்கோட்டையிலேயே பி.எஸ்சி. இயற்பியல், அப்புறம் எம்.எஸ்சி., பிறகு ஆராய்ச்சியில் சேர ஜெஸ்ட் அல்லது நெட் தேர்வு. எப்படிப் போனாலும் படிப்பு ஐந்து வருடம், ஆராய்ச்சி இன்னொரு ஐந்து வருடம். ஆராய்ச்சியில் சேர்ந்துவிட்டால் உதவித்தொகை உண்டு. ஜேஆர்எஃப் என்கிற இளநிலை ஆராய்ச்சியாளர் உதவித்தொகை 2023 முதல் மாதம் 37,000 ரூபாய். ஆனால் நிரந்தர வேலைக்கு இடம் குறைவு, அதை மறைக்க மாட்டேன். கணக்கும் கம்ப்யூட்டரும் கையில் இருப்பதால் வேறு வேலைக்கு மாறிக்கொண்டவர்கள் நிறைய.

இதெல்லாம் நமக்கு எட்டாத சங்கதி என்றீர்கள். சூரியனை ஆராய இஸ்ரோ அனுப்பிய ஆதித்யா எல்-1 விண்கலத்தின் திட்ட இயக்குநராக இருந்த நிகர் ஷாஜி செங்கோட்டைக்காரர், நம் திருநெல்வேலி அரசு பொறியியல் கல்லூரியில் படித்தவர். கிருஷ்ணாபுரத்துக்குச் சிலை பார்க்கப் போகிறோமே, அங்கேதான் புவிகாந்த ஆய்வுக்கூடமும் இருக்கிறது. பூமியின் காந்தப்புலத்துக்கான நடுக்கோடு நம் பக்கமாகப் போகிறது. அதையொட்டி, பகலில் சுமார் நூறு கிலோமீட்டர் உயரத்தில் ஒரு மின்னோட்டம் ஓடும். அதை இங்கிருந்து கவனிக்கிறார்கள்.

"இதைப் படிச்சாத்தான் என் வாழ்க்கைக்கு அர்த்தம்" என்று அவள் சொன்னபோது எனக்கும் பயம்தான். கருந்துளை வீடியோ பார்த்துவிட்டு இப்படிச் சொல்லி வருகிறவர்கள் பலருக்கு முதல் செமஸ்டர் கணக்கிலேயே ஆசை வற்றிவிடும். அதனால்தான் நோட்டைக் கேட்டு வாங்கினேன். இரவல் பைனாகுலரில் வியாழனைப் பார்த்து, பக்கத்தில் தெரிந்த அதன் நான்கு பெரிய நிலாக்களைப் புள்ளியாக வைத்து, நேரமும் குறித்திருக்கிறாள். ஐப்பசியில் பல பக்கங்களில் 'மேகம்' என்று ஒரே சொல். ஒருநாள் மூன்று புள்ளிதான். கீழே, 'நாலாவது எங்கே?' மறுநாள் நான்கு புள்ளி வைத்து, 'பின்னால் போயிருந்திருக்கு' என்று எழுதியிருக்கிறாள். யாரும் சொல்லித் தரவில்லையாம். 'மேகம்' என்று எழுதக்கூட மாடியேறிய பிள்ளை, அண்ணாச்சி. அவள் சொன்ன அர்த்தம் வாய்ப்பேச்சு இல்லை என்று அப்போதுதான் நம்பினேன்.

டெலஸ்கோப் இப்போது வேண்டாம். கை ஆடாமல் பார்க்க பைனாகுலருக்கு ஒரு ஸ்டாண்டு வாங்கிக்கொடுங்கள். வகைநுண்கணிதத்தில் கொஞ்சம் தடுமாறுகிறாள், அதற்கு ட்யூஷன் வையுங்கள். எட்டு மணிக்கு மேல் மொட்டைமாடி டியூப்லைட்டையும் அணைத்துவிடுங்கள்.