கலைஞரும் பத்திரிகைகளும் – ஒரு கடிதம்

வணக்கம் சார்,

நான் இதழியல் முதுகலை படிக்கிறேன். போன மாதம் வகுப்பில் அரசியல் தலைவர்களும் ஊடகமும் பற்றிப் பேச்சு வந்தது. பேராசிரியர் கலைஞரை எடுத்துக்காட்டாகச் சொன்னார். எந்தக் கேள்விக்கும் பதில் சொல்வார், நிருபர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார், கோபம் வந்தாலும் மறுநாள் சந்திப்பார், இன்றைக்கு அப்படி யார் இருக்கிறார்கள் என்று கேட்டார். வீட்டுக்கு வந்து இதைத் தாத்தாவிடம் சொன்னேன். தாத்தா மதுரைக்காரர். "தினகரன் ஆபீஸ்ல மூணு பேர் செத்தாங்களே, அது யார் ஆட்சியில?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டுவிட்டுப் பேப்பரைப் பிரித்துக்கொண்டார்.

எனக்கு இரண்டுமே உண்மை என்றுதான் படுகிறது. இரண்டையும் ஒரே ஆளுக்குள் எப்படி வைப்பது என்றுதான் தெரியவில்லை. நீங்கள் கொஞ்ச காலம் பத்திரிகையில் இருந்ததாக எழுதியிருக்கிறீர்கள். அவர் உண்மையிலேயே பத்திரிகையாளர்களின் நண்பரா, இல்லை, எங்களைப் போன்றவர்களை நன்றாகச் சமாளிக்கத் தெரிந்தவரா?

ர., கும்பகோணம்

அன்புள்ள ர.,

தாத்தாவின் கேள்விக்கு அப்புறம் வருகிறேன். முதலில் எங்கள் ஊர் சலூன்.

திருத்துறைப்பூண்டிப் பக்கம் எங்கள் ஊர். கடைத்தெருவில் ஒரே ஒரு சலூன். எண்பதுகளின் நடுப்பகுதி, எம்.ஜி.ஆர். ஆட்சி. கடைக்காரர் தி.மு.க.காரர், கலைஞரின் பத்திரிகையான முரசொலி மட்டும்தான் வாங்கிப் போடுவார். காலை பஸ்ஸில் கட்டு வந்து இறங்கியதும் ஒருவர் உரக்கப் படிப்பார், மற்றவர்கள் கேட்பார்கள். முகத்தில் பாதி நுரையோடு உட்கார்ந்திருப்பவரும் கேட்டுத்தான் ஆக வேண்டும். சுவாரசியமான இடம் வந்தால் கத்தி அந்தரத்தில் நின்றுவிடும். என் தாய்மாமா பரம காங்கிரஸ்காரர். சவரத்துக்கு அங்கேதான் போவார், வேறு கடை கிடையாது. உள்ளே நுழையும்போதே "கடுதாசி வந்தாச்சா?" என்பார். பேப்பர் வந்தாச்சா என்று அந்தக் கடையில் யாரும் கேட்டு நான் கேட்டதில்லை.

கடுதாசி என்றால் 'உடன்பிறப்பே' என்று தொடங்கும் கலைஞரின் கடிதம். அண்ணா தம்பிக்கு எழுதினார், இவர் உடன்பிறப்புக்கு எழுதினார். 7,000 கடிதங்களுக்கு மேல் எழுதியிருக்கிறார். அந்தப் பேப்பரில் செய்தியும் இருக்கும், கார்ட்டூனும் இருக்கும். ஆனால் அந்த சலூனில் காலையில் வந்து சேர்ந்தது ஒரு பத்திரிகை என்று யாரும் நினைக்கவில்லை. தன் பெயருக்குத் தபால் வந்திருப்பதாகத்தான் நினைத்தார்கள். மாமாகூட, "இன்னிக்கு யாரைப் புடிச்சிருக்கார்?" என்று கேட்டுக்கொண்டேதான் நாற்காலியில் ஏறுவார். பிடிபட்டது பெரும்பாலும் மாமாவின் கட்சியாகவே இருக்கும்.

சரி, உங்கள் கேள்விக்கு வருவோம். அவரை நண்பர் என்று சொல்ல எனக்குக் கொஞ்சம் தயக்கம். நண்பர் என்றால் வெளியாள். இவர் உள்ளாள். வாழ்க்கையில் எது முதலில் வந்தது என்று பாருங்கள். 1924இல் திருக்குவளையில் பிறந்தவர். திருவாரூரில் பள்ளி மாணவராக இருந்தபோதே 'மாணவ நேசன்' என்று ஒரு கையெழுத்து ஏடு நடத்தினார். 1942 ஆகஸ்ட் 10ஆம் தேதி முரசொலி, அதுவும் துண்டறிக்கையாக. 'சேரன்' என்ற பெயரில் எழுதினார். அப்போது வயது 18. அடுத்து, புதுச்சேரியில் திராவிடர் கழக மாநாட்டுக்குப் போன இடத்தில் அடித்துப் போட்டார்கள். காயத்துக்கு மருந்து போட்டுவிட்ட பெரியார் கையோடு ஈரோட்டுக்கு அழைத்துப் போய்விட்டார். அங்கே பெரியாரின் குடிஅரசு இதழில் துணை ஆசிரியர் வேலை. சினிமா வசனமெல்லாம் அதற்கப்புறம்தான். 1957இல் குளித்தலையில் முதல் தேர்தலில் நின்றபோது முரசொலிக்கு வயது 15. 1960இல் அது நாளேடானது. இவர் முதலமைச்சரானது 1969இல். முரசொலியைத் தன் மூத்த பிள்ளை என்று அவர் சொல்லிக்கொண்டிருந்ததை மேடைப் பேச்சு என்று தள்ளிவிட முடியாது. வருடக் கணக்குப்படியே அது சரி.

ஐந்து முறை முதலமைச்சர், சட்டமன்றத் தேர்தலில் 13 முறை நின்று ஒருமுறைகூடத் தோற்காதவர். இதெல்லாம் உங்களுக்கே தெரிந்திருக்கும். என் கணக்கில் அவர் அரசியலுக்குப் போன பத்திரிகைக்காரர். நிருபர்களுக்கு முன்னால் உட்காரும்போது எதிரே இருப்பவர் நாளைக்கு என்ன தலைப்புப் போடுவார் என்று அவருக்குத் தெரியும். அதே நாற்காலியில் உட்கார்ந்து தலைப்புப் போட்டவர்தானே.

தொண்ணூறுகளின் கடைசியில் நான் ஒன்றரை வருடம் ஒரு நாளிதழில் இருந்தேன். பெயர் வேண்டாம், சம்பளம் ஒழுங்காக வராது. அவரைப் பார்க்க என்னை முதல்முறை அனுப்பியபோது மூத்த நிருபர் ஒருவர் டீக்கடையில் வைத்து எனக்குப் பாடம் எடுத்தார். "கேள்வியை ஒரு வரியில கேளு தம்பி. நீட்டினா உன் கேள்விக்குள்ளேயே ஒரு வார்த்தையைப் புடிச்சுக்குவார். அதை வச்சு ஒரு சிலேடை போடுவார். எல்லாரும் சிரிப்பாங்க, நீயும் சிரிப்ப. ஆபீசுக்கு வந்து எழுத உக்காந்தாத்தான் தெரியும், பதில் வாங்காமலே வந்துட்டோம்னு."

நான் அன்றைக்குக் கேள்வியே கேட்கவில்லை. பின்வரிசையில் நின்று குறிப்பு எடுத்துக்கொண்டேன். சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்தேன். ஆபீசுக்கு வந்து நோட்டைப் புரட்டினால், பெரியவர் சொன்னது அப்படியே இருந்தது. அன்றைக்கு எல்லோரும் போயிருந்த விஷயத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அருமையான இரண்டு சிலேடைகள் இருந்தன. இரண்டையும் பெட்டிச் செய்தியாகப் போட்டோம். எங்கள் உதவி ஆசிரியருக்கு ஏக சந்தோஷம்.

இதை ஏமாற்று வேலை என்று சொல்ல மாட்டேன். பத்திரிகைக்கு என்ன வேண்டும் என்று தெரிந்து அதைக் கொடுத்தார், அவ்வளவுதான். யாரும் கேட்காத கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தால் அதற்கும் அவரிடம் வழி இருந்தது. கேள்வி-பதில் வடிவத்திலேயே அறிக்கை வெளியிடுவார். கேள்வியும் அவருடையது, பதிலும் அவருடையது. உங்கள் வகுப்பில் அதையும் ஒரு பாடமாக வைக்கலாம். தன்னைத்தானே பேட்டி எடுத்து அதை மற்ற பத்திரிகைகளையும் போட வைப்பது லேசுப்பட்ட காரியமா?

இந்தத் தொழில் அறிவு வெறும் சாமர்த்தியமாக இல்லாமல் வேறொன்றாக நின்ற காலமும் உண்டு. நெருக்கடி நிலை. 1976 ஜனவரி 31 அன்று அவருடைய ஆட்சி கலைக்கப்பட்டது. கட்சிக்காரர்களை மிசா என்ற தடுப்புக் காவல் சட்டத்தில் அள்ளிக்கொண்டு போனார்கள். யார் யார் உள்ளே இருக்கிறார்கள் என்று வீட்டாருக்கே சரியாகத் தெரியாத நிலை. கைதுச் செய்தியைப் போட முடியாது, தணிக்கை அதிகாரி அடித்துவிடுவார். பிப்ரவரி 3 அண்ணாவின் நினைவு நாள். அதையொட்டி முரசொலியில் ஒரு பட்டியல் வந்தது. அண்ணா நினைவிடத்தில் மலர்வளையம் வைக்க வர இயலாதவர்களின் பெயர்கள். தணிக்கையாளருக்கு அது அஞ்சலி அறிவிப்பு. சலூனில் படித்தவர்களுக்கு அது கைதானவர்கள் பட்டியல். மாமாகூட இந்தக் கதையைச் சொல்லும்போது குரலை மாற்றிக்கொள்வார், அவர் கட்சி டெல்லியில் செய்த வேலைதான் அது என்பதையும் மறந்து. ஒரு பத்திரிகை ஆசிரியரின் மூளையில் மட்டுமே அப்படி ஒரு யோசனை உதிக்கும்.

மற்ற இரண்டு முதலமைச்சர்களோடு வைத்துப் பார்த்தால் உங்கள் பேராசிரியர் சொல்வது எடுபடும்தான். எம்.ஜி.ஆர். ஆட்சியில், 1987இல், ஒரு அட்டைப்பட நகைச்சுவைக்காக ஆனந்த விகடன் ஆசிரியர் பாலசுப்ரமணியனுக்குச் சட்டப்பேரவை மூன்று மாதச் சிறை விதித்தது. ஊரே கொதித்ததும் சில நாளில் வெளியே விட்டார்கள். ஜெயலலிதா ஆட்சியில், 1992இல், முரசொலி ஆசிரியர் செல்வத்தைப் பேரவைக்குள் கூண்டு வைத்து அதில் நிறுத்தினார்கள். 2003இல் தி இந்து நாளிதழைச் சேர்ந்த ஐந்து பேருக்கு 15 நாள் சிறை. அந்த நாளிதழின் தலையங்கத்தைத் தமிழில் போட்டதற்காக அதே செல்வத்துக்கும் 15 நாள். உச்ச நீதிமன்றம் தடுத்தது. இந்த வரிசைக்குப் பக்கத்தில் நிறுத்தினால் சிலேடையோடு விட்ட முதலமைச்சர் தங்கமாகத்தான் தெரிவார்.

இப்போது தாத்தாவின் கேள்வி.

2007 மே 9. தினகரன் ஒரு கருத்துக்கணிப்பை வெளியிட்டது. கலைஞரின் அரசியல் வாரிசு யார்? ஸ்டாலினுக்கு 70 விழுக்காடு, அழகிரிக்கு 2. தினகரன் அப்போது மாறன் குடும்பத்தின் கையில், அதாவது முரசொலி மாறனின் மகன்கள், கலைஞருக்குப் பேரன் முறை. கணக்கெடுத்ததும் குடும்பம், கணக்கில் நின்றதும் குடும்பம். அன்று மதுரையில் அழகிரி ஆதரவாளர்கள் தெருவில் இறங்கினார்கள். தினகரன் அலுவலகத்துக்குத் தீ வைக்கப்பட்டது. உள்ளே மூன்று பேர் செத்துப்போனார்கள். இரண்டு பேர் கணினிப் பிரிவில் வேலை பார்த்தவர்கள், ஒருவர் காவலாளி. மூன்று பேருக்கும் கருத்துக்கணிப்போடு எந்தச் சம்பந்தமும் இல்லை.

கலைஞர் வழக்கை சி.பி.ஐ.யிடம் கொடுத்தார். அதைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. இரண்டு நாள் கழித்து, மே 11 அன்று, சென்னையில் அவருடைய சட்டமன்றப் பொன்விழா பிரதமர் முன்னிலையில் நடந்தது. தயாநிதி மாறன் மத்திய அமைச்சர் பதவியிலிருந்து விலகினார். செப்டம்பரில் கலைஞர் தொலைக்காட்சி வந்தது. குடும்பச் சண்டையில் ஒரு தொலைக்காட்சி பிறந்தது என்று பத்திரிகைகள் ஜோராக எழுதின.

2008 டிசம்பரில் குடும்பம் ஒன்று சேர்ந்தது. அதைப் பற்றிக் கேட்ட நிருபர்களுக்கு அவர் சொன்ன வரி உங்களுக்கும் தெரிந்திருக்கும். "கண்கள் பனித்தன, இதயம் இனித்தது." மறுநாள் தலைப்பு தயார். எதுகை கச்சிதமாக விழுந்திருந்தது. என்னைப் போலப் பத்திரிகையிலிருந்து வந்தவர்கள் முதலில் பார்த்தது அந்த எதுகையைத்தான். அந்த மூன்று வீடுகளில் அன்றைக்குப் பேப்பர் வாங்கினார்களா என்று எனக்குத் தோன்ற இரண்டு மூன்று நாள் ஆனது. இதை ஒப்புக்கொள்ள வெட்கமாகத்தான் இருக்கிறது.

வழக்கு என்ன ஆனது என்றால், 2009இல் விசாரணை நீதிமன்றம் 17 பேரையும் விடுதலை செய்தது. 2019இல், அவர் இறந்த பிறகு, உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதில் ஒன்பது பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது.

மொழி அவரைக் கைவிட்ட இன்னொரு நாளும் உண்டு. 2009 ஏப்ரல் 27. ஈழத்தில் போர் உச்சத்தில் இருந்தது. காலையில் அண்ணா நினைவிடத்தில் உண்ணாவிரதம் உட்கார்ந்தார், கனரக ஆயுதங்களைப் பயன்படுத்த மாட்டோம் என்று கொழும்பிலிருந்து அறிவிப்பு வந்ததும் மதியத்துக்குள் முடித்துக்கொண்டார். அப்புறமும் தாக்குதல் நிற்கவில்லையே என்று கேட்டபோது, மழை விட்டும் தூவானம் விடவில்லை என்றார். வேறு எந்த விஷயத்துக்குச் சொல்லியிருந்தாலும் நல்ல வரி. அங்கே விழுந்துகொண்டிருந்தது குண்டு. அந்த வரியை இன்றுவரை அவர் கட்சிக்காரர்களாலேயே காப்பாற்ற முடியவில்லை.

கேள்வி கேட்டால் சொல்லைக் கொடுத்துச் சரிக்கட்டிவிடலாம் என்று அறுபது எழுபது வருடம் பழகிய கை. நிருபர்கள் சிரித்தே பழகியவர்கள், நாங்களும் அதற்கு உடந்தை. அவர் பத்திரிகையாளர்களிடம் காட்டிய பொறுமை நிஜம். அது ஒரு தச்சர் இன்னொரு தச்சரின் உளியைப் பார்த்துக் காட்டும் மரியாதை. பத்திரிகைச் சுதந்திரம் என்ற கொள்கையிலிருந்து அது வந்ததாக எனக்குத் தோன்றவில்லை. அதனால்தான் கருத்துக்கணிப்பைக் குடும்ப விவகாரமாகவும், எரிந்த அலுவலகத்தைக் குடும்பம் சேர்வதற்கு முந்தைய கசப்பாகவும் பார்க்க அவரால் முடிந்தது என்று நினைக்கிறேன். முரசொலி அவருக்கு வீடு. பத்திரிகை என்பதே வீட்டுக்குள் நடக்கிற காரியம் என்று அவர் எண்ணியிருக்கலாம். இது என் ஊகம், நீங்கள் ஏற்க வேண்டியதில்லை.

2017 ஆகஸ்டில் முரசொலிக்கு 75 வயது. கோடம்பாக்கம் அலுவலகத்தில் ஒரு காட்சி அரங்கம் திறந்தார்கள். அப்போது அவர் வீட்டைவிட்டு வெளியே வரும் நிலையில் இல்லை. தொண்டையில் குழாய், பேச்சு இல்லை. அக்டோபரில் ஒருநாள் கூட்டிவந்தார்கள். சக்கர நாற்காலியில் வந்து, அங்கே வைத்திருந்த தன்னுடைய மெழுகுச் சிலையைப் பார்த்தார். அந்தப் படத்தைப் பேப்பரில் பார்த்தபோது எனக்கு முதலில் தோன்றியது, இதற்கு அவரே தலைப்புப் போட்டிருந்தால் என்ன போட்டிருப்பார் என்பதுதான். பாருங்கள், இப்போதும் அதே புத்தி.

தாத்தாவிடம் கேட்டதாகச் சொல்லுங்கள். அன்றைக்கு அவர் பிரித்துக்கொண்டது எந்தப் பேப்பர் என்றும் கேட்டு எழுதுங்கள்.