மரத்தைச் சீவும் முன் ஒரு பத்து ரூபாய் நோட்டு

கோவை வாசகர் ஒருவரின் கேள்வி: “அப்பாவின் பழைய ப்ருனோ .22 போல்ட் ரைஃபிள் இப்போது என் லைசென்ஸில் இருக்கிறது. 50 மீட்டரில் ஐந்து குண்டும் 40 மில்லிமீட்டருக்குப் பரவுகின்றன. பெடிங் போட்டு பேரலை ஃப்ளோட் செய்தால் சரியாகிவிடும், 18,000 ரூபாய் ஆகும் என்கிறார் ஒருவர். கொடுக்கலாமா?”

இப்போதைக்கு வேண்டாம்.

பெடிங் என்றால் துப்பாக்கியின் இரும்பு உடல் மரக்கட்டையில் ஆடாமல், முறுகாமல் உட்காரும்படி இடையில் பிசின் இட்டுப் பொருத்துவது. ஃப்ளோட்டிங் என்றால் பேரல் முன்கட்டையில் எங்கும் படாமல் நிற்கும்படி மரத்தைச் சீவுவது. மரம் ஐப்பசி மழையில் ஊறி உப்பும், சித்திரையில் சுருங்கும். பட்ட இடத்தில் பேரலைத் தள்ளும், குண்டு விழும் இடம் மாறும். ஆனால் அது பெரும்பாலும் மாதக்கணக்கில் தெரிகிற மாற்றம். ஒரே காலையில் 40 மில்லிமீட்டர் பரவினால் முதலில் தோட்டாவையும் ஸ்கோப் திருகுகளையும் சந்தேகப்படுங்கள். இரண்டு மூன்று பிராண்டு தோட்டா வாங்கிச் சுட்டுப் பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும். நம் ஊரில் அதுவும் லேசில்லை. லைசென்ஸில் எழுதிய எண்ணிக்கைக்குள் வாங்க வேண்டும், கடையில் இருப்பதைத்தான் வாங்க முடியும். விளையாட்டு என்கிறார்கள், பழகுவதற்குத் தோட்டாவை மட்டும் எண்ணிக் கொடுக்கிறார்கள்!

சரி, வீட்டில் என்ன பார்க்கலாம்? மேகசினைக் கழற்றி, தோட்டா உட்காரும் அறை காலியா என்று இரண்டு முறை பாருங்கள். பத்து ரூபாய் நோட்டை முன்கட்டைக்கும் பேரலுக்கும் நடுவே நுழைத்துப் பின்னால் இழுங்கள். எங்கே நிற்கிறதோ அங்கே பேரல் மரத்தில் படுகிறது, அதைப் பென்சிலால் குறியுங்கள். அப்புறம் கட்டை நுனியும் பேரலும் சேரும் இடத்தில் விரலை வைத்துக்கொண்டு, இரும்பு உடலைக் கட்டையோடு பிடிக்கும் முன் திருகைத் தளர்த்தி மெல்ல இறுக்குங்கள். விரலுக்கடியில் பேரல் நகர்வது தெரிந்தால், இறுக்கும்போது இரும்பு உடல் வளைகிறது. அப்போதுதான் பெடிங் பற்றிப் பேச வேண்டும்.

ஒரு விஷயத்தில் கவனம். முன்கட்டையின் அடியில் மூன்றாவது திருகு இருக்கிறதா? சில பழைய மாடல்களில் அது பேரலின் அடியில் உள்ள சிறு இரும்புத் துண்டைப் பிடித்திருக்கும். திருகு பேரலைக் கீழே இழுத்துக்கொண்டிருக்கும்போது சுற்றிலும் மரத்தைச் சீவி என்ன பயன்? அதைக் கால் சுற்று தளர்த்தி ஐந்து, இறுக்கி ஐந்து சுடுங்கள், வித்தியாசம் தாளிலேயே தெரியும். திருகு இல்லாவிட்டாலும் அவசரம் வேண்டாம். மெல்லிய பேரல்களில் சிலவற்றுக்கு நுனியில் கொஞ்சம் அழுத்தம் இருந்தால்தான் குண்டு கூடி விழும். ஃப்ளோட் செய்த பிறகு இன்னும் பரவலாகச் சுட்ட ரைஃபிள்களை நானே பார்த்திருக்கிறேன். ஆக்‌ஷனுக்கு (அந்த இரும்பு உடலுக்கு) அடியில் மெல்லிய வாஷர் வைத்துப் பேரலைத் தூக்கிச் சுட்டுப் பாருங்கள். பிடிக்காவிட்டால் வாஷரை எடுத்துவிடலாம். சீவிய மரம் திரும்ப வராது.

இனி அந்த 18,000 ரூபாய்க்காரர். 1959 ஆயுதச் சட்டப்படி துப்பாக்கியைப் பழுதுபார்க்கவும் லைசென்ஸ் வேண்டும். அதைக் காட்டச் சொல்லுங்கள். “வீட்டுக்கே வந்து எடுத்துக்கொள்கிறேன், மேட்ச் துப்பாக்கி (போட்டித் துப்பாக்கி) ஆக்கித் தருகிறேன்” என்றால் அப்போதே கும்பிடு போடுங்கள். மாட்டினால் அவர் மட்டுமல்ல, நீங்களும்தான். இப்படி ஓர் ஆள் வேலை செய்த ரைஃபிள் ஒன்று என் மேஜைக்கு வந்தது. தண்ணீர்க் குழாய்க் கசிவை அடைக்கிற பிசினால் பெடிங், அதுவும் இரும்பில் மெழுகு பூசாமல். ஆக்‌ஷன் கட்டையோடு கட்டையாக ஒட்டிக்கொண்டது. உளியால் மரத்தைக் கொத்தித்தான் எடுத்தேன். உரிமையாளர் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார், பாவம்.

நோட்டு எங்கே நின்றது, மூன்றாவது திருகு உண்டா, எந்தத் தோட்டா சுட்டீர்கள் என்று எழுதுங்கள். லைசென்ஸ் உள்ள ஆளிடம் போக வேண்டுமா என்பதை அதைப் பார்த்துச் சொல்கிறேன்.