பவர் மெஷினுக்கு முன்னால் கட்டிங் மேஜை

சேலத்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "வாடகை வீடு. பின்பக்கம் 8க்கு 9 அடியில் ஒரு ஸ்டோர் ரூம் சும்மா கிடக்கிறது. மாமியாருடைய பழைய பெடல் மெஷின் இருக்கிறது, ஓடுகிறது. அக்கம்பக்கத்தில் பிளவுஸ் தைத்துக் கொடுக்கிறேன், புடவைக்கு ஃபால்ஸ் வைக்கிறேன். 12,000 ரூபாய் சேர்த்து வைத்திருக்கிறேன். கொஞ்சம் கடன் வாங்கி பவர் மெஷின் வாங்கிவிடலாமா, இல்லை, இந்தப் பணத்திலேயே அந்த ரூமைத் தையல் ரூமாக மாற்றிவிட முடியுமா?"

மாற்றிவிடலாம், பணமும் மிஞ்சும். கடனும் வேண்டாம், பவர் மெஷினும் (தையல் கடைகளில் கரண்டில் வேகமாக ஓடுகிற பெரிய மெஷின்) இப்போது வேண்டாம்.

ஏன் என்று சொல்கிறேன். ஒரு லைனிங் பிளவுஸுக்கு எனக்கு இரண்டரை மணி நேரம் ஆகிறது என்றால் அதில் மெஷின் உண்மையாக ஓடுவது முக்கால் மணி கூட இருக்காது. மீதி நேரமெல்லாம் அளவு வைப்பது, வெட்டுவது, அயர்ன் செய்வது, ஹெம்மிங், கொக்கி, அப்புறம் தப்பாகப் போனதைப் பிரிப்பது. பவர் மெஷின் அந்த முக்கால் மணியில்தான் கை வைக்கும். மீதியை மிச்சப்படுத்துவது நல்ல மேஜையும் நல்ல வெளிச்சமும்தான், ஆனால் வீட்டில் தைக்கிறவர்கள் கடைசியில் யோசிப்பது இந்த இரண்டையும்தான். நான் பதினோரு வருஷம் தரையில் பாயை விரித்து வெட்டியவள். இடுப்பு வலி ஒரு பக்கம் இருக்கட்டும், தரையில் குனிந்து வெட்டும்போது கத்தரிக்கோல் நேராக நிற்காது, கீழ்த் துணி கால் இஞ்ச் நகர்ந்துவிடும், பிளவுஸின் இரண்டு கையும் ஒரே அளவு வராது. அதைத் தைக்கும்போது மெஷின் மேல் பழி போடுவோம்.

அதனால் முதல் செலவு கட்டிங் மேஜை. ஆசாரியிடம் புதிதாகச் செய்யச் சொன்னால் பாதிப் பணம் அங்கேயே போய்விடும். பழைய வீடு இடித்த சாமான் விற்கிற மரக்கடைக்குப் போய் ஒரு பழைய பிளஷ் கதவு (இரண்டு பக்கமும் சமமாக, தட்டையாக இருக்கிற கதவு) கேளுங்கள். ஆறரை அடிக் கதவு ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறுக்குள் கிடைக்கும், கடைக்காரரிடமே சொல்லி ஐந்து அடிக்கு அறுத்துக்கொள்ளுங்கள். வாங்கும் முன் கதவைப் படுக்க வைத்து நாலு இடத்தில் தட்டிப் பாருங்கள். பொத்தென்று சத்தம் வந்தாலோ ஓரத்தில் மண் கோடு தெரிந்தாலோ கரையான், விட்டுவிடுங்கள். வாடகை வீட்டில் சுவரில் துளை போட முடியாது என்பதால் இரண்டு சின்ன ஆங்கிள் ரேக்கை (இரும்புச் சட்டத்தில் தட்டு வைத்தது) வாங்கி அதன் மேலேயே கதவைப் படுக்க வையுங்கள். ரேக்தான் மேஜைக்குக் கால், துணி வைக்க அலமாரியும் அதுதான்.

உயரம் ரொம்ப முக்கியம். நிமிர்ந்து நின்று முழங்கையை மடக்குங்கள், முழங்கைக்கு மூன்று நாலு இஞ்ச் கீழே மேஜை இருக்க வேண்டும். ஐந்தடி இரண்டு இஞ்ச் இருக்கிற ஒருவருக்கு இது ஏறக்குறைய 36 இஞ்ச் வரும். சாப்பாட்டு மேஜை 30 இஞ்ச்தான், அதில் வெட்டினால் அரை மணியில் தோள் கடுக்கும். மேஜையின் நீளப் பக்கத்தைச் சுவரோடு ஒட்டாதீர்கள், குறுகிய பக்கத்தை ஒட்டுங்கள். மூன்று பக்கமும் நாம் நடந்துவந்தால் துணி அசையாமல் கிடக்கும். சுவரோடு ஒட்டினால் ஒவ்வொரு தடவையும் துணியைத்தான் திருப்ப வேண்டியிருக்கும், மடித்த துணி திருப்பும்போது நிச்சயம் கலையும். மேலே பழைய ஜமுக்காளம் ஒன்றை மடித்துப் போட்டு, அதற்கு மேல் காடா துணியை இழுத்துக் கட்டிவிட்டால் அயர்ன் செய்யவும் அதே மேஜைதான். காடாவை ஒருமுறை நனைத்துக் காய வைத்த பிறகு கட்டுங்கள், இல்லையென்றால் பின்னால் சுருங்கும். வெட்டும்போது மட்டும் அதன் மேல் ஒரு வழவழப்பான அட்டையை விரித்துக்கொள்ளுங்கள். ஓரத்தில் ஒரு பழைய இஞ்ச் டேப்பை ஒட்டி வையுங்கள், புடவையிலிருந்து பிளவுஸ் பிட் வெட்டும்போதெல்லாம் அளவெடுக்கத் தேட வேண்டாம்.

அடுத்தது வெளிச்சம். ஸ்டோர் ரூம் என்றால் கதவுக்கு மேலே ஒரே ஒரு பல்பு இருக்கும், நாம் குனிந்ததும் நம் தலை நிழலே ஊசி மேல் விழும். மேஜைக்கு நேர் மேலே நீளவாக்கில் ஒரு 20 வாட் எல்இடி டியூப், மெஷின் பக்கம் இன்னொன்று. ஜன்னல் இருந்தால் அது உங்கள் இடது கைப் பக்கம் வருகிற மாதிரி மெஷினைப் போடுங்கள். மெஷினின் உடம்பு வலது பக்கம் இருப்பதால் வலதிலிருந்து வருகிற வெளிச்சம் ஊசிக்கு எட்டாது. மெஷினில் ஒட்டுகிற சின்ன காந்த லைட்டும் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், கறுப்புத் துணியில் கறுப்பு நூலைப் பிரிக்கிற அன்றைக்கு அதன் அருமை தெரியும். ஒன்று மட்டும் நினைவில் இருக்கட்டும்: நூல் நிறத்தை டியூப் வெளிச்சத்தில் சேர்க்காதீர்கள், வாசலுக்கு எடுத்துப் போய்ப் பாருங்கள். நூல்கண்டில் பார்க்கும்போது நூல் அழுத்தமாகத் தெரியும், ஒற்றை இழையாகத் தையலில் விழும்போது வெளிறிவிடும். சரியாக ஒத்துவரும் நிறம் இல்லையென்றால் ஒரு படி அழுத்தமானதை எடுங்கள்.

அயர்ன் பாக்ஸை மலிவான எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் சொருக வேண்டாம், கெஞ்சிக் கேட்கிறேன். 1,000 வாட் அயர்ன் பாக்ஸ் நாலு ஆம்பியருக்கு மேல் இழுக்கும், மெல்லிய வயர் சூடாகும், சுற்றிலும் துணி. வீட்டுக்காரரிடம் கேட்டுவிட்டு எலக்ட்ரீஷியனை வைத்து மேஜைப் பக்கம் ஒரு நல்ல பிளக் பாயிண்ட் போட்டுவிடுங்கள்.

இப்போது மாமியாருடைய மெஷினுக்கு வருவோம். அதை விற்க நினைக்காதீர்கள். அந்தக் கறுப்பு இரும்பு மெஷின்களுக்கு எல்லா ஊரிலும் பார்ட்ஸ் கிடைக்கிறது. பெல்ட் தளர்ந்திருந்தால் மாற்றுங்கள், சர்வீஸ் செய்கிறவரிடம் துணியைத் தள்ளுகிற பற்கள் தேய்ந்திருக்கிறதா, ஊசித் தட்டின் ஓட்டையில் கீறல் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அந்தக் கீறலில் உரசித்தான் நூல் காரணமில்லாமல் அறுந்துகொண்டே இருக்கும். அடிநூல் இழுப்பை நீங்களே பார்த்துவிடலாம்: அடிநூல் சுற்றிய பாபினைப் போட்ட கேஸை நூலைப் பிடித்துத் தொங்க விட்டு மெதுவாக ஒரு உதறு உதறுங்கள். ஒரு இஞ்ச் இறங்கி நின்றால் சரியாக இருக்கிறது. கடகடவென்று இறங்கினால் பக்கத்திலுள்ள சின்ன ஸ்க்ரூவைத் துளி இறுக்குங்கள், அசையவே இல்லையென்றால் துளி தளர்த்துங்கள். துளி என்றால் கால் திருப்பு கூட இல்லை. எண்ணெய் விட்ட அன்றைக்கு வேஸ்ட் துணியில் பத்து நிமிஷம் ஓட்டிவிட்டுத்தான் நல்ல துணியைத் தொட வேண்டும். ஒருமுறை எண்ணெய் விட்ட கையோடு ஒருவருடைய சந்தன நிறப் பட்டு பிளவுஸை வைத்துவிட்டேன், அந்தக் கறை போகவே இல்லை, வேறு துணி வாங்கித் தைத்துக் கொடுத்தேன்.

வேகம் வேண்டும் என்று தோன்றினால் ஆறு மாதம் கழித்து அதே மெஷினுக்கு ஒரு சின்ன மோட்டார் மாட்டிக்கொள்ளலாம். பவர் மெஷினுக்கு வேலை அந்த அளவுக்கு வந்த பிறகு போகலாம், அப்போது சர்வோ மோட்டார் (பெடலை மிதிக்கும்போது மட்டும் சுற்றுவது) வைத்ததாகப் பாருங்கள். பழைய கிளட்ச் மோட்டார் நாம் தைக்காமல் சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் சுற்றிக்கொண்டே கரண்ட் இழுக்கும், சத்தமும் அதிகம், வாடகை வீட்டில் ஒத்துவராது. துணி ஓரம் பிரியாமல் அடிக்கிற ஓவர்லாக்குக்கும் இப்போது தனி மெஷின் வேண்டாம், வெளியே அடித்துக்கொள்ளலாம்.

கணக்கு ஏறக்குறைய இப்படி வரும், ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறும். ரேக் இரண்டும் 3,000, கதவு 1,500, லைட்டுகளும் வயரிங்கும் 1,500, மெஷின் சர்வீஸ், பெல்ட், ஊசி எல்லாம் 1,000, துணிக்கு மட்டும் என்று ஒரு 10 இஞ்ச் கத்தரிக்கோல், ஸ்கேல், டேப் 1,200, முதுகு வளையாமல் உட்கார ஒரு ஸ்டூல் 600, ஆளுயரக் கண்ணாடி 800. அயர்ன் பாக்ஸ் வீட்டில் இருப்பதே போதும். 9,600 ஆயிற்று. மீதி 2,400 கையில் இருக்கட்டும். மலிவாகக் கிடைக்கிறது என்று ஈரோடு போய் லைனிங் துணியை மொத்தமாக வாங்கி அடுக்க வேண்டாம், வாடிக்கையாளர் கேட்கிற நிறம் மட்டும் அதில் இருக்காது. சிவப்பு, பச்சை, மெரூன், கறுப்பு, சந்தனம், இவற்றில் ரெண்டு ரெண்டு மீட்டர் போதும்.

சின்ன விஷயங்கள் சில. மேலே ஃபேன் ஓடினால் பேப்பர் கட்டிங் பறக்கும், வழவழப்பான கூழாங்கல் நாலைக் கழுவி வைத்துக்கொண்டால் துணி மேல் பாரமாக வைக்கலாம். ரிப்பேரான ஸ்பீக்கரிலிருந்து எடுத்த காந்தம் ஒன்று இருந்தால் தினமும் ராத்திரி தரையில் தேய்த்து ஊசி, பின் எல்லாம் பொறுக்கிவிடலாம், குழந்தைகள் இருக்கிற வீட்டில் இது கட்டாயம். மெஷினின் நாலு காலுக்கும் கீழே ரப்பர் துண்டு வையுங்கள், பக்கத்துப் போர்ஷனுக்குச் சத்தம் போகாது. ஒவ்வொருவர் துணியையும் தனித்தனி பையில் போட்டு, அளவுச் சீட்டையும் தருகிற தேதியையும் பையோடு பின் குத்திவிடுங்கள்.

கண்ணாடி இருக்கிற மூலையில் கயிறு கட்டி ஒரு பழைய காட்டன் புடவையைத் திரையாகத் தொங்க விடுங்கள், கதவுக்கு உள்தாழ்ப்பாள் சரியாக விழுகிறதா என்றும் பாருங்கள். போட்டுப் பார்க்க வருகிற பெண்கள் அந்தத் திரைக்குப் பின்னால் நிம்மதியாக நின்றால்தான் "கை கொஞ்சம் பிடிக்குது அக்கா" என்று வாய்விட்டுச் சொல்வார்கள். சொன்னால் அங்கேயே பிரித்துச் சரிசெய்து கொடுத்துவிடலாம்.