உடைந்த மதகு: முதலில் வீதி யாருடையதென்று கேளுங்கள்

வணக்கம் ஐயா. கிளிநொச்சிப் பக்கத்தில் உங்கள் ஒழுங்கையின் மதகு மாரியில் உடைந்ததாகவும், 2 தடவை முறையிட்டும் பிரதேச சபையில் 'பார்ப்போம்' என்ற பதிலே கிடைத்ததாகவும் எழுதியிருந்தீர்கள்.

முதலில் அந்த வீதி யாருடைய பொறுப்பில் உள்ளது என்பதை உறுதிசெய்யுங்கள். ஏ9 போன்ற ஏ, பி தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கும், சி, டி தர வீதிகள் மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களத்துக்கும் உரியவை. உள்ளூர் வீதிகள் பெரும்பாலும் பிரதேச சபையின் பொறுப்பு. ஆனால் வன்னியில் குளக்கட்டு வீதியும் வாய்க்காலோர வீதியும் நிறைய உண்டு. உங்கள் மதகுக்குக் கீழே ஓடுவது வயலுக்கான பாசன வாய்க்கால் என்றால், அது நீர்ப்பாசனத் திணைக்களத்துக்கோ கமநல அபிவிருத்தித் திணைக்களத்துக்கோ உரியதாக இருக்கலாம். எங்கள் ஊரில் இதை அறியாமல் ஒரு வருடம் தவறான கதவைத் தட்டினோம்.

வாய்முறைப்பாட்டுக்குத் தடயம் இல்லை. பிரதேச சபையின் செயலாளருக்குப் படங்களுடன் கடிதம் எழுதி, பிரதியில் திகதி முத்திரை பெறுங்கள். வட்டார உறுப்பினருக்கும் ஒரு பிரதி கொடுங்கள். பதில் வராவிட்டால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலுக்கான உரிமைச் சட்டத்தின்கீழ், அவ்வீதி சபையின் பதிவேட்டில் உள்ளதா, மதகைத் திருத்துவதற்கான செலவு மதிப்பீடு தயாரிக்கப்பட்டதா என்று தகவல் அலுவலரிடம் கேளுங்கள். தகவல் தருவதா மறுப்பதா என்பதை அவர் 14 வேலை நாட்களுக்குள் தீர்மானிக்க வேண்டும்.

அதுவரை மதகருகே சிவப்புத் துணி கட்டிய கம்பொன்றை நட்டுவையுங்கள். இரவில் சைக்கிளில் வருபவருக்குப் பள்ளம் தெரியாது.